மேஜர் என்றால் மகிழ்ச்சிதானா?



ஐந்தாம் ஆண்டு இசைக்கல்விப் பாடத்திற்காக நான் தயாரித்த பயிற்சித் தாள் ஒன்று சில நாள்களாக மனத்தை உறுத்துகிறது. பாடலைக் கேட்டு வேகம், சுருதி, உணர்வு ஆகிய மூன்றையும் மாணவர்கள் குறிக்க வேண்டும். மேஜரா மைனரா என்பதைக் காதால் பிரித்தறிவது அவ்வயதில் கடினம் என்பதால் 'மேஜர்' என்று நானே பலகையில் எழுதிவிட்டேன். உணர்வுக்கு 'மகிழ்ச்சி', 'சோகம்' என இரண்டே கட்டங்கள்.

நான் ஒலிக்கவிட்டது ஒரு ஜெர்மானியப் பாடல். பெர்லின் நகரின் 'கமெடியன் ஹார்மோனிஸ்ட்ஸ்' குழுவினர் 1930இல் பதிவு செய்தது. தலைப்பின் பொருள் 'வார இறுதியும் வெயிலும்'. (நமக்கு வெயில் என்றால் குடை, அவர்களுக்கு அது கொண்டாட்டம்!) ஐந்து பாடகர்கள், ஒரு பியானோ. விரைவான நடை, இரட்டைத் தாளம், மேஜர் சுருதி. விடை 'மகிழ்ச்சி' என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

ஒரு மாணவன் மட்டும் 'சோகம்' என்று குறித்திருந்தான். தவறு என்று சிவப்பு மையில் கோடிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது காரணம் கேட்டேன். "வீட்டுல யாரோ தூங்குறாங்க டீச்சர், அதான் மெதுவா பாடுறாங்க" என்றான்.

அன்றிரவு மீண்டும் கேட்டேன். அவன் சொன்னது சரி. வேகம் துள்ளுகிறது, குரல்களோ துள்ளவில்லை. ஒருவரையொருவர் மிஞ்சாமல், அடங்கிய ஒலியில் இழைகின்றன. மேலே அந்த மென்மையான டெனர் குரல், அடியில் பியானோ. அதில் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. வேகத்திலும் சுருதியிலும் மட்டுமே உணர்வைத் தேடிய எனக்குக் குரலின் நிறம் கேட்கவில்லை.

அக்குழுவின் வரலாறு எனக்குத் தெரியும். 1927இல், இருபத்தொரு வயது ஹாரி ஃப்ரொம்மர்மன் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துப் பாடகர்களைத் தேடினார். அறுவரில் மூவர் யூதப் பின்னணியினர். நாஜி ஆட்சியில், 1935இல் அவர்கள் சேர்ந்து பாடத் தடை வந்தது. குழு இரண்டாக உடைந்தது. மீண்டும் அறுவரும் ஒன்றாகப் பாடவேயில்லை. இதை அறிந்த நான் அப்பாடலில் சோகத்தைக் கேட்டால் வியப்பில்லை. அது வரலாறு ஊட்டிய சோகம். அம்மாணவனுக்கோ ஹிட்லர் பெயர்கூடத் தெரியாது. அவன் காதால் மட்டுமே கேட்டான். ஆகவே அவன் சாட்சியம் என்னுடையதைவிட நம்பத்தக்கது என்பேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அம்மெட்டு ஜெர்மனியில் பிறந்ததன்று. அமெரிக்கரான மில்டன் ஏகர் 1929இல் அமைத்தது. 'மகிழ்ச்சி நாள்கள் திரும்பிவிட்டன' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பாடல். 1932இல் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் பிரசாரப் பாடலாக முழங்கியது. அதையே பார்பரா ஸ்ட்ரைசண்ட் 1963இல் வெளிவந்த தம் முதல் இசைத்தட்டில் மிகமிக மெதுவாகப் பாடினார். மெட்டு அதேதான், கேட்பவர் நெஞ்சு கனத்துப் போகும். வேகத்தைக் குறைத்ததும் 'மகிழ்ச்சி' என்ற சொல்லே ஏக்கமாக மாறிவிடுகிறது.

'மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம்' என்ற வாய்பாட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நானும் மனனம் செய்தவள்தான். தொடக்கத்தில் பிடித்துக்கொள்ள அது ஒரு கைத்தடி, மறுக்கவில்லை. ஆனால், மேஜருக்கு இணையான சுரங்களைக் கொண்ட சங்கராபரணத்தில் மகிழ்ச்சிப் பாடல்கள் மட்டுமே உண்டு என்று நம் இசையாசிரியர் எவரேனும் சொல்வாரா? நம் இசையில் ஒப்புக்கொள்ளாத ஒன்றை, மேற்கத்திய இசை என்றதும் ஏன் தலையாட்டி ஏற்கிறோம்? அதைவிடக் கவலை தருவது, பிள்ளை உண்மையில் கேட்ட ஒன்றை விடைத்தாளின் பெயரால் 'தவறு' என்கிறோம். அடுத்த முறை அவன் பாடலைக் கேட்கமாட்டான். ஆசிரியர் முகத்தைப் பார்த்துக் கட்டத்தை நிரப்புவான்.

மறுநாள் அத்தாளை வாங்கிச் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு மதிப்பெண் இட்டேன். "அப்படின்னா நாங்க எழுதினது தப்பா டீச்சர்?" என்று மற்றவர்கள் கேட்டனர். இல்லை என்றேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தாயார், சரியான விடை எதுவென்று தொலைபேசியில் கேட்டார்.

இப்போது அந்த இரண்டு கட்டங்களையும் நீக்கிவிட்டு, 'என்ன உணர்ந்தாய், எதைக் கேட்டு?' என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன். திருத்தத்தான் இரட்டிப்பு நேரம் ஆகிறது.