‘மரணம்’ என்னும் வாத்திய கோஷ்டி

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. சங்கீத விஷயத்தில் மட்டும் நாம் இதனை மறந்துவிடுகின்றோம். பழக்கமில்லாத ஓசை செவியிற் பட்டதும், “இஃது இசையன்று, இரைச்சல்” என்று தீர்ப்பெழுதி விடுகின்றோம். இங்ஙனம் விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவற்றுள் ‘டெத் மெட்டல்’ என்னும் மேனாட்டு இசைவகையும் ஒன்று. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையாக எண்ணப்படும் அமெரிக்க கோஷ்டியின் பெயரே ‘டெத்’, அதாவது மரணம். மிஷன் கலாசாலையின் சஞ்சிகையில் இப்பெயரைக் கண்டு புருவம் நெரிப்போர் உண்டெனின், சற்றே பொறுத்து அதன் வரலாற்றைக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

இக்கோஷ்டியின் தலைவர் சக் ஷுல்டினர் 1967-இல் நியூயார்க் மாகாணத்திற் பிறந்து, பிளாரிடாவில் வளர்ந்தவர். அவர் சிறுவராயிருக்கையில் தமையனார் மோட்டார் விபத்தில் மாண்டார். அத்துயரை ஆற்றும்பொருட்டுப் பெற்றோர் அவருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தனர். 1983-இல் தோழர் இருவருடன் அவர் அமைத்த கோஷ்டி, மறு ஆண்டில் ‘டெத்’ எனப் பெயர் பூண்டது.

1987-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு ‘ஸ்கிரீம் பிளடி கோர்’. பிணமும் குருதியுமே அதன் பொருள். பயங்கரச் சினிமாப் படங்களில் மனத்தைப் பறிகொடுத்த இளைஞரின் கைவேலை அது. அப்பாடல்களைப் புகழ யாம் முன்வரவில்லை. கோஷ்டியின் வரலாறு அங்கேயே முடிந்திருப்பின், இக்கட்டுரைக்கும் இடமிராது.

1990-இல் வெளிவந்த ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ என்னும் மூன்றாம் இசைத்தட்டில் அவர் நோக்கு மாறிற்று. நோய் தீர்ப்பதாகப் பசப்பிப் பேதையரை ஏய்க்கும் போலிப் பிரசங்கிகளையும், தாயின் போதைப் பழக்கத்தால் ஊனமுற்றுப் பிறக்கும் சிசுவையும் அவர் பாடினார். நம் பிரசங்க பீடங்களே பேசத் தயங்கும் பொருளை, ‘மரணம்’ எனப் பெயர் கொண்டோர் அஞ்சாது எடுத்துரைத்தனர். பின்வந்த இசைத்தட்டுகளில் வஞ்சனை, நட்பின் முறிவு, மனச்சாட்சி, இழந்த இளமை என்பனவே பொருளாயின.

பொருளோடு இசையும் வளர்ந்தது. கிட்டாரின் நரம்புகளைச் சுருதி தாழ்த்தி, ஒரே நரம்பை அதிவேகமாய் மீட்டுவர். முழவடிப்பவர் இரு கால்களாலும் பெருமுழவை முழக்குவார். பாடகர் அடித்தொண்டையினின்று உறுமுவார். இவை இவ்விசைவகைக்குப் பொதுவிதி. ஷுல்டினரோ இவற்றின்மீது இனிய ராக வரிகளையும், ஒரே பாட்டினுள் பன்முறை மாறும் தாளக்கட்டையும் ஏற்றினார். 1991-இல் ‘ஹ்யூமன்’ என்னும் இசைத்தட்டுக்குக் கிட்டார் கலைஞர் பால் மஸ்விடாலையும், முழவுக் கலைஞர் ஷான் ரெய்னர்ட்டையும் சேர்த்துக்கொண்டார். இருவரும் ஜாஸ் இசையிலும் ஈடுபாடுடையோர். 1995-இல் வந்த ‘சிம்பாலிக்’கில் ஜீன் ஹோக்லனின் முழவு, வேகத்திலும் தெளிவு குன்றாது ஒலிக்கின்றது. 1998-இல் வந்த ஏழாவதும் இறுதியுமான இசைத்தட்டில் ‘வாய்ஸ் ஆப் தி ஸோல்’ என்றொரு பகுதி உண்டு. அதில் உறுமலுமில்லை, முழவுமில்லை. கிட்டார்கள் மாத்திரமே ஏங்குகின்றன. இரைச்சலென்போர் முதலில் இதனைக் கேட்பாராக.

உறுமலில் சொற்கள் விளங்காவே எனச் சிலர் வினவலாம். முதற்கேள்வியில் விளங்காமை உண்மையே. ஆயின் பாடல் வரிகளைக் கையில் வைத்துக் கேட்பார்க்கு அக்குறை நீங்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல ஷுல்டினரின் குரலும் உயர்ந்து தெளிவுற்றது.

தலைவரிடமும் குறை இருந்தது. 1990-இல் ஐரோப்பிய யாத்திரை தொடங்குந் தறுவாயில் அவர் போக மறுத்தார். தோழர் அவரின்றியே சென்றனர். அதன்பின் கோஷ்டி நிலையான உறுப்பினரின்றி, இசைத்தட்டுக்கு இசைத்தட்டு ஆள் மாறிற்று. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் புதிய துணைவர் வந்ததனாலேயே இசை விரிந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

1999-இல் அவர் மூளையிற் கட்டி கண்டது. சிகிச்சைச் செலவு குடும்பத்தை நெருக்கவே, சக கலைஞர் கச்சேரிகள் நடாத்திப் பொருள் திரட்டினர். 2001 டிசம்பர் 13-இல், 34-ஆம் வயதில் அவர் காலமானார். இரைச்சலிடுவோர் என இகழப்பட்டோரே, நோயுற்ற தோழருக்குக் கைகொடுத்தனர்.

மாணவ அன்பர்காள்! இவ்விசையை விரும்புமாறு உங்களை யாம் வற்புறுத்தவில்லை. கேளாமலே இகழாதீர் என்பதே எம் வேண்டுகோள். மேலும் ஒன்று: முதற்படைப்பிற்குக் கைதட்டல் கிடைத்ததும் அதனையே வாழ்நாளெல்லாம் திரும்பச் செய்வோர் பலர். அம்மயக்கத்திற்கு ஆட்படாமல், இருபது வயதில் எழுதியதை முப்பது வயதிற் கடந்துசென்றார் இவ்விளைஞர். ‘மரணம்’ எனப் பெயரிட்டவரிடம் நாம் கற்கத்தக்கது இவ்வளர்ச்சியே என்பது எமது துணிபு.