நாளும் யோகம், நாளும் தொண்டு

ஜூபிலி மலரிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும், விழாவெடுக்கும் வேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்துக் கல்லூரி என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் நாம், இந்து சமயத்தின் உயிர்நாடியாகிய யோக நெறியை அன்றாட வாழ்விற் கைக்கொண்டுள்ளோமா?

யோகம் என்றதும் இன்று பலர் உள்ளத்தில் தோன்றுவது ஆசனம் ஒன்றே. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்தவாறு, 2015 முதல் ஜூன் 21ஆம் நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. அன்று பாய் விரிக்கின்றோம், வரிசையாக அமர்கின்றோம், படம் எடுத்துக்கொள்கின்றோம். மறுநாட் காலையில் பாய்கள் மூலையில் கிடக்கின்றன. ஆசனத்தை நாம் இகழ்ந்துரைக்கவில்லை. ஆனால், பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு அங்கங்களுள் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னே இயமம், நியமம் என்னும் இரண்டு நிற்கின்றன. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன இயமத்துள் அடங்கும். தூய்மை, தவம் முதலியன நியமத்துள் அடங்கும். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே திருமூல நாயனாரும் ஒழுக்கத்தை முன்வைத்தே யோகத்தைப் பேசுகின்றார். இரண்டு படிகளை விட்டு மூன்றாம் படியிற் காலை வைப்பவன் ஏறுகின்றானா, இடறுகின்றானா என்பதைச் சிந்திப்பது நன்று.

இனி, யோகத்தையும் தொண்டையும் பிரிக்கவொண்ணாது என்பதற்குச் சான்றாக ஒருவர் வாழ்வை நோக்குவோம். திருநெல்வேலிச் சீமையிலே பத்தமடையில் 1887ஆம் ஆண்டிற் பிறந்த குப்புசாமி என்பார், வைத்தியங் கற்று, 1913இல் மலாயா சென்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் நோயாளருக்குப் பணிபுரிந்தார். பின்னர் யாவற்றையும் துறந்து, 1924இல் ரிஷிகேசத்திலே துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆயினார். துறவு பூண்டவர் வைத்தியத்தையுந் துறந்தாரோ? இல்லை. கங்கைக் கரையிலே தவம் இயற்றிக்கொண்டே, நோயுற்ற சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் மருந்து கொடுத்து வந்தார். 1936இல் அவர் நிறுவிய தெய்வ நெறிக் கழகம் தியானத்துக்கு முன்னே தொண்டை வைத்தது. தொண்டினால் உள்ளத்து அழுக்கு நீங்கினாலன்றித் தியானம் கைகூடாது என்பதே அவர் கொள்கை.

அப்பெரியார் 1950இல் இலங்கைக்கும் வந்து சென்றார். அவரிடம் 1949இல் துறவு பெற்ற சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இங்கு வந்து, 1966 வரை பணிபுரிந்தார். நம் கண்டி மாநகரிலே தபோவனம் அமைத்தார். அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே, 1897ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சுவாமி விவேகானந்தரும் கண்டிக்கு வந்து வரவேற்புப் பெற்றார். அதே ஆண்டு மே மாதத்தில் அவர் தோற்றுவித்த இராமகிருஷ்ண மிஷன், ஏழைக்குச் செய்யுந் தொண்டையே இறைவழிபாடாகக் கொண்டது. இத்தகையோர் அடிபட்ட மண்ணிலே வாழும் நாம், யோகத்தை ஒருநாட் காட்சியாக்கி விடலாமோ?

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலினாற் கண்டி மாவட்டம் பட்ட துயரம் யாவரும் அறிந்ததே. மலை சரிந்தது, லயங்கள் மண்ணுள் மறைந்தன. நிவாரணப் பொதிகளோடு நாமும் ஒரு தோட்டத்துக்குச் சென்றோம். பொதியை வாங்க வந்த தாய் ஒருத்தியை, படம் எடுக்கும்வரை நீட்டிய கையை மடக்காது நிற்கும்படி ஒருவர் கேட்டார். அவளும் நின்றாள். அவள் தலை கவிழ்ந்திருந்தது. அப்படத்திலே நாமும் நிற்கின்றோம். அன்று காலையிலும் நாம் தவறாது தியானத்தில் அமர்ந்தோம் என்பதை எண்ணும்போது நாணமே மிகுகின்றது.

அடுத்த சனிக்கிழமை நம் மாணவர் சிலர் அங்கே சென்றனர். எவரும் அவர்களை அனுப்பவில்லை. மண்வெட்டி கொண்டு பிள்ளை மடுவத்துச் சேற்றை அள்ளினர். மாலையில் வீடு திரும்பினர். படமும் இல்லை, செய்தியும் இல்லை. பயனிற் பற்றுவையாது கருமஞ் செய்க என்று கீதை வகுத்த யோகத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வந்தோம். அன்று அதன் உரையை எமக்கு எழுதிக் காட்டியவர் அம்மாணவரே.

"பரீட்சைக்குப் படிக்கவே பொழுது போதவில்லை, யோகத்துக்கும் தொண்டுக்கும் நேரம் எங்கே?" என்பார் உளர். தொண்டு தனிப்பொழுது வேண்டுவதன்று. உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பர் அடிகள், அப்பணியினின்று வேறான யோகத்தைத் தேடவில்லை. 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவர்களோடு பின்தங்கிய கிராமம் ஒன்றுக்குச் சென்று உழைத்தார். அவ்விடுமுறை நாட்களின் உழைப்பே சர்வோதய இயக்கமாயிற்று. நம் பௌத்த சகோதரர் சிரமதானம் என்பதும், நாம் தொண்டு என்பதும் ஒன்றேயன்றோ?

ஆதலின், இந்த ஜூபிலி ஆண்டில் இரண்டு காரியங்களைத் தொடங்குவோமாக. ஒன்று, வைகறையிற் கால்மணி நேரம் மௌனமாக அமர்ந்து மூச்சையும் மனத்தையும் ஒழுங்குபடுத்தல். மற்றொன்று, வாரத்துக்கு ஒன்றேனும் பிறர்க்குதவும் பணியை, செய்தவர் பெயர் தெரியாவண்ணம் செய்தல். பழைய மாணவர் அளித்த கட்டிடங்களிற் பொறித்துள்ள பெயர்களை நாம் நன்றியோடு படிக்கின்றோம். அவர்களிடம் இனி ஒரு விண்ணப்பம்: தோட்டத்துப் பிள்ளை ஒருவனின் பஸ் கட்டணத்தை, பெயர் பொறிக்காத நன்கொடையாகத் தாருங்கள். அவன் தலை நிமிர்ந்தே வகுப்புக்கு வரட்டும்.

காலையில் அமர்ந்த தியானம் கைகூடியதா என்பதை மாலையில் நம் கை செய்த பணி சொல்லும். அப்பரீட்சையிற் சித்தியெய்த எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக.