பட்டை உழவின் பிறப்பும் அது புகட்டும் பாடமும்

நிலத்தை எவ்வளவு அதிகமாகப் புரட்டுகின்றோமோ அவ்வளவு அதிகமாக மகசூல் கிடைக்கும் என்பது குடியானவர் பலருடைய நெடுநாளைய நம்பிக்கை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்நம்பிக்கை எவ்வாறு ஆட்டங்கண்டது, முற்றும் அழியாது எவ்வாறு திருத்தமுற்றது என்பதே பட்டை உழவின் சரித்திரமாகும். மக்காச்சோளச் சாகுபடியில் வழங்கும் இம்முறையில் வயல் முழுவதும் உழப்படுவதில்லை. 30 அங்குல இடைவெளியுள்ள வரிசைகளில், விதை விழும் இடத்தில் மாத்திரம் சுமார் 8 அங்குல அகலத்திற்கு மண் கிளறப்படுகிறது. எஞ்சிய இடமெல்லாம் முந்திய பயிரின் தாளும் தட்டையும் மூடியபடியே விடப்படுகிறது.

1837-ம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்தில் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். ஒட்டிக்கொள்ளும் புல்வெளி மண்ணும் அதற்கு இணங்கியது. பின்னர் மேற்கிலுள்ள வறண்ட சமவெளிகளும் உழவுக்குள்ளாயின. 1930-க்குப் பின் மழை பொய்த்தபோது, போர்வையிழந்த மண் காற்றோடு பறந்தது. 1934 மே மாதத்தில் அப்புழுதி அட்லாண்டிக் கரையையும் எட்டிற்று. மறு வருஷம் மண் பாதுகாப்பு இலாகா ஏற்பட்டது. ஹ்யூ பென்னெட் அதன் தலைவரானார்.

1943-ல் எட்வர்டு பாக்னர் என்பவர், மண்ணைப் புரட்டும் கலப்பையே குற்றவாளி என ஒரு நூலில் வாதித்தார். ஆயினும் உழாவிடில் களையை என் செய்வது என்ற கேள்விக்கு அன்று போதிய விடை இல்லை. களைக்கொல்லி மருந்துகள் வந்த பின்னரே அது கிடைத்தது. 1962-ல் கெண்டக்கி மாகாணத்தில் ஹாரி யங் என்னும் விவசாயி, ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் உழாமலே மக்காச்சோளம் பயிரிட்டுக் காட்டினார்.

ஆனால் ஒரு நிலத்திற்கு ஏற்றது மற்றொன்றிற்கு ஏற்பதில்லை. வடக்கே வடிகால் குறைந்த கனத்த மண்ணில், தட்டை மூடிய நிலம் வசந்த காலத்திலும் ஈரமும் குளிர்ச்சியும் நீங்காதிருந்தது; மக்காச்சோளமோ வெதுவெதுப்பான மண்ணையே நாடும் பயிர். தெற்கே சில பகுதிகளில் இறுகிய அடிமண் வேரை இறங்கவிடவில்லை. இவ்விரு குறைகளுக்கும் பரிகாரமாக, உழவும் உழாமையும் சமரசமாகிப் பட்டை உழவு உருவாயிற்று. எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழுவோருக்குச் சர்க்கார் உதவி கிடையாது என்ற 1985-ம் வருஷச் சட்டமும், தட்டையை நிலத்திலேயே விடும் முறைகளுக்குத் துணை செய்தது.

கலப்பையே சத்துரு என்பாரும், உழாதவன் சோம்பேறி என்பாரும் ஒருங்கே தவறுகின்றனர். உழவு எதற்காக என்பதே கேட்கத்தக்க கேள்வி. விதைக்கு வெதுவெதுப்பு, வேருக்கு வழி, உரத்திற்கு இடம் ஆகிய இம்மூன்றும் பட்டையளவில் கிடைக்குமாயின், மற்ற இடத்தை ஏன் வெயிலுக்கும் வெள்ளத்திற்கும் திறந்து வைக்கவேண்டும்?

இம்முறை குறையற்றதன்று. களைக்கொல்லியை நம்பியிருத்தல், கருவிகளின் விலை, பட்டையின்மீதே தவறாது விதைக்கும் நுட்பம் ஆகியவை இதன் பாரங்கள். சரிவில் மேலிருந்து கீழாகப் பட்டை இழுத்தால் அதுவே ஓடையாகி மண்ணை வாரிச் செல்லும். ஆகவே பிறர் முறையை அப்படியே மேற்கொள்ளாமல், தம் நிலத்தின் குறையை முதலில் அறிந்து பரிகாரம் தேடுவதே விவேகம்.

அகல உழுவதினும் ஆழ உழுவதே நன்று என்பது பழமொழி. அதற்கும் முன்னதாக, எதற்கு உழுகின்றோம் என்று எண்ணுதல் நன்று. ஒரு போகத்தில் இழந்த மகசூலை அடுத்த போகத்தில் ஈட்டலாம். இழந்த மேல்மண்ணைப் பேரன் காலத்திலும் ஈட்டுதல் அரிது. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதனைச் சிந்தையிற் கொள்வார்களாக.