நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், சகோதரிகளே!

ராத்திரி படுக்கப் போகும்போது உள்பாவாடை நாடாவை அவிழ்த்ததும் 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு விடுவோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆண்கள் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகத் தினமும் புடவைதான். வலது இடுப்பில் முடிச்சு விழுகிற இடம் விரல் அகலத்துக்குக் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. வெயில் காலத்தில் அரிக்கும். சொறிந்தால் எரியும். எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதானே என்று சும்மா இருந்துவிட்டேன், போன வருஷம் என் மாமியாருக்கு வந்ததைப் பார்க்கிற வரை.

அவருக்கு அதே இடத்தில் சின்னதாக ஒரு புண். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலேயே நாடாவையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எட்டு மாசம் வாயே திறக்கவில்லை. துணி துவைக்கும்போது ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு நான் கேட்டதற்கு, "ஆம்பளை டாக்டர்கிட்ட இடுப்பைக் காட்டச் சொல்றியா?" என்று சண்டைக்கு வந்தார். பிடிவாதமாக அழைத்துப் போனேன். டாக்டர் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வருகிற வரை ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, புற்று இல்லை. "இப்படியே வருஷக்கணக்கா விட்டிருந்தா என்னால இப்படிச் சொல்லியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

நாடா கட்டினால் புற்றுநோயா என்று எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒரே இடத்தில் தினமும் கயிறு அழுத்துகிறது, வேர்வை தேங்குகிறது, உரசுகிறது. தோல் கறுக்கும், செதில் உதிரும், பிறகு வெடிக்கும். புண் ஆறுவதற்குள் மறுநாள் மறுபடி அதே இடத்தில் முடிச்சு. வருஷக்கணக்கில் ஆறாத புண் அபூர்வமாகச் சிலருக்குப் புற்றாக மாறிவிடுகிறதாம். வேட்டியை இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி 1945-லேயே பம்பாயில் கனோல்கர், சூர்யாபாய் என்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2024-ல் வார்தா, மதுபனி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு 70 வயது. இடுப்புப் புண் 18 மாதம் ஆறவில்லை. இன்னொருவர் உள்பாவாடையே கட்டாதவர். நாற்பது வருஷமாகப் புடவையையே இடுப்பில் இறுக்கிச் சுற்றியவர். ஆக, தப்பு பாவாடையில் இல்லை, இறுக்கத்தில்தான். சுடிதார் நாடாவுக்கும் இதே கதைதான்.

டி.வி.யில் ஒரு பழைய காலத்து ஆங்கிலப் படம். வேலைக்காரி காலை ஊன்றிக்கொண்டு எஜமானியின் கார்செட் கயிற்றை இழுக்கிறாள். திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த பட்டைகளை வைத்துத் தைத்து, இடுப்பு சிறுக்க வேண்டுமென்று மூச்சுக்கூட முழுசாக விட முடியாமல் கட்டிக்கொண்டார்களாம். 1881-ல் லண்டனில் பெண்களே சங்கம் வைத்து எதிர்த்தார்களாம். என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுவாரம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவளுக்கு முதல் தாவணி. "இன்னும் இறுக்குடி, நடுவழியில அவிழ்ந்தா மானம் போயிடும்" என்று முழங்கையை ஊன்றி நாடாவை இழுத்தவள் நான்தான்! சாப்பிட்டு எழுந்தவள், நெஞ்சு எரியுதும்மா என்றாள். தனியாக அழைத்துப்போய் முடிச்சைத் தளர்த்திவிட்டேன். அந்த வெள்ளைத் தோலில்... இல்லை, அவள் என்னைப் போல மாநிறம்தான், அதிலும் கயிறு பள்ளமாகப் பதிந்திருந்தது. எனக்கு என் மாமியாரின் புண்தான் ஞாபகம் வந்தது.

நம் அம்மாக்கள் நமக்கு இப்படித்தான் கட்டப் பழக்கினார்கள். பஸ் கூட்டத்தில் கொசுவம் நழுவிவிடுமோ என்கிற பயம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. அடுப்படியில் தனியாக நிற்கும்போதும் அதே இறுக்கம் எதற்கு? இறுக்கிக் கட்டினால் தொப்பை விழாது என்று சொல்கிறவர்களும் உண்டு. பதினாறு வருஷமாக இறுக்கிக் கட்டுகிறேன், என் தொப்பையை வந்து பாருங்கள்!

மெல்லிசுக் கயிற்றை உருவி எறிந்துவிட்டு இரண்டு விரல் அகலத்துக்குப் பருத்தி நாடா கோத்துக்கொண்டேன். டெய்லரிடம் சொன்னால் அதற்கேற்ற மாதிரி பட்டியை அகலமாகத் தைத்துத் தருவார். முடிச்சை ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் போடுகிறேன். வீட்டில் நைட்டி. மாமியார் முன்பெல்லாம் நைட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது அவருக்கே இரண்டு வாங்கியாயிற்று.

இடுப்பில் சில வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் மறைக்காதீர்கள். லேடி டாக்டர்தான் வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போங்கள், போகாமல் மட்டும் இருக்காதீர்கள். என் கறுப்புத் தழும்பைக் காட்ட வருகிற திங்கட்கிழமை நானும் போகிறேன். மாமியார் துணைக்கு வருகிறார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்