யானைக்குத் தழை வெட்டியது யார்?

இந்திய மிகுபுனைவு நாவல்களில் யானைகள் எதையும் தின்பதில்லை. ஆயிரம் யானைகள் அணிவகுக்கின்றன, கோட்டைக் கதவுகளை முட்டி உடைக்கின்றன, அம்பு தைத்துப் பிளிறிச் சாய்கின்றன. ஆயினும் ஐந்நூறு பக்கங்களில் ஓரிடத்திலேனும் ஒரு யானை தழை தின்பதோ, ஆற்றில் இறங்கி நீர் அருந்துவதோ, இலத்தி போடுவதோ இல்லை. வளர்ந்த ஆசிய யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் தின்னும். ஆயிரம் யானைக்கு 150 டன். அதை எந்தக் காட்டில் வெட்டினார்கள், எவர் சுமந்து வந்தார்கள், படை நகர்ந்தபின் அந்தக் காட்டை நம்பியிருந்த ஊர் என்னவாயிற்று? கேட்டால் எழுத்தாளர்களிடமிருந்தும் பதிப்பாளர்களிடமிருந்தும் ஒரே விடைதான் வருகிறது: “கற்பனைதானே!”

2010இல் அமீஷின் மெலூஹா நாவல் வெளிவந்து பெருவிற்பனை கண்டபின், புராணச் சாயல் கொண்ட மிகுபுனைவுகள் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் ஆண்டுதோறும் குவிகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை இந்த ஒற்றை விடைதான் தாங்கி நிற்கிறது. அது கற்பனைக்கு ஆதரவான வாதம்போல் தோன்றினும், உண்மையில் சோம்பலுக்கான சலுகைச் சீட்டு.

நடக்க இயலாததை எழுதுவது குற்றமென எவரும் சொல்லவில்லை. ‘பாகுபலி’யின் இரண்டாம் பாகத்தில் பனைமரங்களை வளைத்து வீரர்களை மதிலுக்குள் வீசியெறியும் காட்சியைக் கண்டு இயற்பியல் பேசுபவர் ரசனையற்றவர். அற்புதத்தை வாசகர் இலவசமாகவே தந்துவிடுகிறார். பறக்கும் கம்பளத்துக்கு அவர் சான்று கேட்பதில்லை. கம்பளத்தை நெய்தவரின் விரல் காய்ப்பைப் பற்றி எழுதும்போதுதான் அவர் உற்றுப் பார்க்கிறார். அந்த இடத்தில் ஏமாற்றினால் கம்பளமும் பறக்காது.

படையெடுப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஓரிலட்சம் வீரர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என வைத்தால் நூறு டன். ஒரு பொதிமாடு நூறு கிலோவுக்குச் சற்று மேல் சுமக்கும்; ஆகவே ஒரு நாள் சோற்றுக்கே ஏறத்தாழ ஆயிரம் மாடுகள். இது வெறும் தாள்கணக்கன்று. முகலாயர் காலத்தில் இப்பணியைச் செய்தவர்கள் பஞ்சாரர்கள், தென்னகத்தில் லம்பாடிகள் என அறியப்படுவோர். 1632இல் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயப் பயணி வடஇந்தியச் சாலையொன்றில் அவர்களது தாண்டா ஒன்றை எதிர்கொண்டார். தானியம் சுமந்த 14,000 மாடுகள் அதில் இருந்ததாக எழுதிவைத்தார். அத்தனை மாடுகளும் சேர்ந்து ஓரிலட்சம் பேர் படையின் பதினைந்து நாள் பசியைத்தான் ஆற்றும். குதிரைக்குக் கொள்ளும், பின்தொடரும் சமையல்காரர், கொல்லர், வண்ணார் ஆகியோரின் உணவும் இக்கணக்கில் சேரவில்லை. இந்தத் தாண்டாக்கள் நாளுக்கு ஆறேழு மைல்தான் நகரும். நாவலின் படையோ ஒரே இரவில் விந்தியத்தைக் கடந்துவிடுகிறது. மந்திரத்தால் கடந்தது என்று எழுதினால்கூட ஏற்கலாம். அதையும் எழுதுவதில்லை, வெறுமனே கடந்துவிடுகிறது.

பருவமழையும் அப்படியே. இத்துணைக் கண்டத்தில் போருக்கு ஒரு காலண்டர் இருந்தது. மழை ஓய்ந்து, ஆறுகள் வடிந்து, பாதைகள் உலர்ந்தபின், தசரா நாளில் எல்லை கடப்பதை மராத்தியர் சீமோல்லங்கனம் என்னும் சடங்காகவே நடத்தினர். ஆடி ஆவணியில் கங்கைச் சமவெளியில் தேர்ப்போர் நிகழ்த்தும் நாவலாசிரியர் அந்தச் சேற்றில் ஒரு மாட்டுவண்டியையேனும் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கு ஒரு தவறான கண்டனத்தையும் விலக்கிவிடவேண்டும். ‘சங்ககாலத்தில் மிளகாயா, குப்தர் காலத்தில் உருளைக்கிழங்கா’ என்று பிழை பிடிப்பதையே ஆய்வென எண்ணும் வாசகக் கூட்டம் ஒன்று உண்டு. அவை அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இங்கு பரவின என்பது மெய்தான். ஆனால் முற்றிலும் புதிதாய்ப் படைத்த உலகில் மிளகாய் விளைந்தால் வானம் இடிந்துவிடாது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மிளகாய் இல்லாத அடுக்களையில் காரத்துக்கு மிளகும் திப்பிலியும் மட்டுமே என்றால், மிளகு விளையும் மலைச்சரிவு யாருடையது, அதன் விலையை எந்தத் துறைமுகம் முடிவுசெய்தது, எளியவர் குழம்பில் அது விழுந்ததா என்ற கேள்விகள் தாமாகவே எழுகின்றன. ஒரு சரியான தகவல் மூன்று கதைகளைத் திறக்கிறது. பிழை பிடிப்பவர் அந்தக் கதவுகளைக் காண்பதே இல்லை.

குதிரையிலும் அதே வளம். இந்நாட்டின் பெரும்பகுதி நல்ல போர்க்குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. அரபு, பாரசீக, மத்திய ஆசியக் குதிரைகளுக்காக அரசுகள் கருவூலத்தைக் கொட்டின. விஜயநகர அரசன் நரசிம்மன் குதிரைகளை உயிரோடிருந்தாலும் இறந்தாலும் விலை கொடுத்து வாங்கினான். கடலில் மாண்டதற்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். அறுத்த வால்களோடு அரண்மனை வாசலில் காத்துநிற்கும் வணிகன்! எந்த மிகுபுனைவாளரும் இவனைக் கற்பனையால் மட்டும் எட்டியிருக்க முடியாது.

அபுல் ஃபசலின் ‘அய்னி அக்பரி’ யானைகளை ஏழு தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தீனியளவும் பணியாளர் எண்ணிக்கையும் குறிக்கிறது. முதல்தர யானை ஒன்றுக்கு ஐந்தரை ஆட்கள். கழுத்தில் அமரும் பாகர் ஒருவர், பின்புறம் அமரும் துணையாள் ஒருவர், தழை கொணர்ந்து சேணம் பூட்டும் மேத்துகள் மூன்றரை பேர். அந்த அரை ஆள் என்பது கணக்கன் எழுதிய கூலி விகிதம். ஆனால் கூலி வாங்கியவர் முழு மனிதர். அவருக்கு ஒரு குடிசையும் பசியும் இருந்திருக்கும்.

வாதத்தின் மையம் இதுவே. விவரத்தைத் துறக்கும் நாவல் முதலில் துறப்பது உழைப்பவர்களை. தழை வெட்டுபவர், நீர் இறைப்பவர், பொதிமாடு ஓட்டுபவர், தோல் பதனிடுபவர் ஆகியோர் மறைந்தபின் எஞ்சுவது பளிங்கு மண்டபமும், அதில் தருமம் பேசும் அரசரும். சாதி பேசப்படாத, வியர்வை நாறாத அந்தப் பொற்காலத்தை இளம் வாசகர்கள் மிகுபுனைவாகப் படித்து வரலாறாக நினைவில் வைக்கின்றனர். படைகளுக்குச் சோறு சுமந்த பஞ்சாரர்களுள் பல பிரிவினரைக் காலனியச் சட்டம் பின்னாளில் குற்றப் பரம்பரையினர் என்று பதிந்தது. நாவல்களோ அவர்களைப் பதியவே இல்லை.

காட்டு மக்களின் நிலை இன்னும் கேடு. மேகாலயத்தின் காசி மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே அத்திவகை மரமொன்றின் வேர்களைப் பழக்கி வளர்த்து உயிர்ப்பாலம் அமைக்கின்றனர். ஆள் நடக்கத் தாங்குவதற்கே ஒரு தலைமுறை ஆகும். தொடங்கியவரின் பிள்ளைகளே அதில் நடப்பர். இந்தப் பாலத்தின் படம் அட்டைகளுக்கு வந்துவிட்டது, உள்ளே மாயக் குலத்தாரின் வாசலாகவும் ஆகிவிட்டது. அதைப் பழக்கிய கைகளும், அங்கு சொத்து கடைசி மகளுக்குச் சேரும் வழக்கமும் மட்டும் வரவில்லை. பெண்வழிச் சொத்துரிமையுள்ள அரசகுலம் என்பது எந்த மந்திரக்கோலைவிடவும் புதுமையான கதைக்கருவன்றோ?

ஆய்வு கற்பனையைக் கொன்றுவிடும் என்பாருக்குத் தேவகீநந்தன் கத்ரி விடையளிக்கிறார். 1888இல் வெளிவந்த ‘சந்திரகாந்தா’ அற்புதக் கதையேதான். வேடமிடும் ஐயார்களும் மாயப்பொறிகள் நிறைந்த திலிஸ்மும் அதில் நிறைந்துள்ளன. ஆனால் நௌகட், விஜய்கட், சுனார் யாவும் மெய்யான இடங்கள். கத்ரி காசிப் பகுதியில் சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தவர். பாழடைந்த கோட்டைகளுக்கும் குகைகளுக்கும் இடையே நடந்தவர். அவர் கால்பட்ட பாறைகளின்மேல் திலிஸ்ம் எழுந்ததால்தான் அதைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றதாக இன்றும் சொல்லப்படுகிறது. குறிப்பேட்டை அப்படியே கொட்டி நாவலை அருங்காட்சியகமாக்குவோரும் உண்டு. அது சிறிய நோய், நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் வெட்டிவிடலாம்.

சான்றுகள் கிடைக்கவில்லை என்னும் சாக்கும் செல்லாது. அய்னி அக்பரியின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. படிக்க நேரமில்லாதவர் முதுமலையின் தெப்பக்காடு முகாமுக்குப் போகலாம். அங்கு யானைப் பாகர்களாகவும் உதவியாளரான காவடிகளாகவும் இருப்போருள் பலர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர். நாவல்களில் அரக்கர்களாக வந்துபோகும் அதே காட்டு மக்கள். தீனி கொடுக்கும் நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து உருட்டிய கவளம் எந்த யானைக்கு எத்தனை, மதம் பிடிக்கும் காலத்தில் எதைக் குறைப்பது, தழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் சொல்வார்கள்.