மூவாண்டுப் பாத்தி

மலைநாட்டு வீட்டுக் கொல்லையில் யாது பயிரிடலாமென்று வினவினால், காரட், முட்டைக்கோசு, பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று பலரும் விரைந்து விடை கூறுவர். இவை சில திங்களிற் பலன் தருவன. நட்டு மூன்றாண்டு காத்திருக்கவேண்டிய காய்கறியொன்று உண்டெனக் கூறின் நகைப்பர். அத்தகைய பயிரொன்றைப் பற்றியே யாம் இங்கு எழுதத் துணிந்தோம். மேனாட்டார் அஸ்பாரகஸ் என வழங்கும் அதற்குப் பழனிமலைத் தொடரிலுள்ள வீட்டுத் தோட்டங்களில் ஒரு பாத்தியேனும் ஒதுக்கவேண்டுமென்பது எமது கருத்து.

இது துரைமார் உணவன்றோ, நமக்கு எதற்கு என்பார் உளர். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் 1845ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்களைப்போல மலையேறிக் குடியிருந்தோர் வழியாகவே மேனாட்டுக் காய்கறிகள் அங்குப் பரவின. இன்று உருளைக்கிழங்கை அயலுணவென்று தள்ளுவார் யார்? நாள்தோறும் நாம் அரைக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததேயாம். மேலும், அஸ்பாரகஸ் நமக்கு முற்றும் அயலானதுமன்று. சித்த மருத்துவர் போற்றும் தண்ணீர்விட்டான் கிழங்கு அதே பேரினத்தைச் சேர்ந்தது. பழனிமலைக் காடுகளிலும் தானே வளர்வது. இதில் நாம் வேரைக் கொள்கிறோம்; அதில் குருத்தைக் கொள்கிறோம். வேரை முற்றும் அகழ்ந்தால் செடி மாளும். குருத்தைக் கொய்தாலோ, வேர் நிலத்திலேயே நின்று மறுவாண்டும் பலன் தரும்.

இப்பயிருக்கு ஆண்டுக்கொருமுறை ஓய்வு வேண்டும். குளிராலேனும் வறட்சியாலேனும் தண்டுகள் பழுத்து அடங்க, வேர் உறங்கவேண்டும். சமவெளியின் இடையறாத வெப்பத்தில் இவ்வோய்வு எளிதிற் கிட்டாது. ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள கோடைக்கானலிலோ, மார்கழி தைத் திங்களின் பனியும், அதன்பின் வரும் வறட்சியும் அதற்குத் துணையாகும். ஆயினும் இரண்டு இடர்கள் உள. ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலின் பாத்தியை மேடாக்கி வடிகால் விடவேண்டும். மலைமண் புளிப்புத் தன்மையுடையது. ஆதலின் நடுமுன் சுண்ணாம்பும் மட்கிய தொழுவுரமும் கலத்தல் நன்று. ஓராண்டு வளர்ந்த தூர்களை ஒன்றரை அடிக்கொன்றாக, வேர்கள் நாற்புறமும் விரியுமாறு வைத்து, முதலில் இரண்டு மூன்று அங்குல மண்ணால் மூடி, குருத்து உயர உயர மேலும் மண்ணிடுக. வரிசைகளுக்கிடையே முதலாண்டில் முள்ளங்கியோ கொத்தமல்லியோ விதைத்துக்கொள்ளலாம்.

இனி, பொறுமையே பெரிய வேலை. முதலாண்டில் ஒரு குருத்தையும் கொய்தலாகாது. இரண்டாமாண்டிலும் விட்டுவைப்பதே நலம். யாமும் ஒருமுறை ஆசை மிகுந்து இரண்டாமாண்டே வாரக்கணக்கில் அறுத்தோம். அடுத்த ஆண்டு வந்தவை துடைப்பக் குச்சியினும் மெலிந்திருந்தன. வெட்டாது விட்ட குருத்தே இறகுபோல் விரிந்து, வெயிலில் உணவு சமைத்து வேருக்கு அனுப்புகிறது. அதனைப் பறித்தல் வேரைப் பட்டினியிடுவதாகும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மூன்றாமாண்டில் சில வாரமும், பின்னர் ஆண்டுதோறும் ஆறு முதல் எட்டு வாரமும் கொய்யலாம். ஒரு சாண் உயர்ந்து, நுனி விரியாதிருக்கும்போதே அறுக்கவேண்டும். நன்கு பேணிய பாத்தி பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும்.

இத்துணைக் காத்திருத்தல் எதன் பொருட்டு? சுவைக்காக மட்டுமன்று. மலைச்சரிவில் ஆண்டுக்கு இருமுறை மும்முறை கொத்திப் பயிரிடுந்தோறும், இளகிய மண்ணை மழை அடித்துச் செல்கின்றது. போன மண் நம் ஆயுளில் மீளாது. ஆண்டுபல நிற்கும் வேர் அம்மண்ணைப் பற்றிக்கொள்ளும். விற்று வாழும் குடியானவரை மூன்றாண்டு காத்திருக்கச் சொல்லுதல் நீதியாகாது. அவர்க்கு அடுத்த திங்களே அரிசி வாங்கவேண்டும். ஆனால் பசிக்கு அஞ்சாது கொல்லை வைத்திருக்கும் நம்மனோர்க்கு அச்சாக்கு இல்லை.

கல்லூரியிற் பட்டம் பெறவும் மூன்றாண்டே ஆகின்றது. மலையிலுள்ள விடுதியொன்றின் தோட்டத்தில் முதலாண்டு மாணவன் நடும் தூரிலிருந்து, அவன் விடைபெறும் ஆண்டிலேதான் முதற்குருத்து கொய்யப்படும்; பின்வரும் தம்பிமாரே அதன் பெரும்பயனை உண்பர். நாம் நிழலுக்கு ஒதுங்கும் மரங்களும் இவ்வாறு பிறர் நட்டவையே. ஆகவே, மலையில் வீடோ விடுதியோ உடைய ஆசிரியர்களும் பழைய மாணவர்களும், வரும் பருவத்தில் நாலடிப் பாத்தியொன்றை ஒதுக்கி வைப்பாராக.