டிசம்பர் கூட்டம் ஜூனில் வராது

தாம்பரம் பக்கம் முந்நூறு இருக்கையோடு ஓர் ஏசி சங்கீத அரங்கம் கட்டினால் லாபம் கொட்டும் என்கிறார் நண்பர். ஆதாரம்? மார்கழியில் மியூசிக் அகாடமி வாசலில் நிற்கும் வரிசை. 1928இல் தொடங்கிய சபாவுக்குச் சேரும் கூட்டத்தை, இன்னும் கடைக்கால் தோண்டாத கட்டடத்தின் வரவில் எழுதுவது நல்ல வேடிக்கை.

சரி, அவர் கணக்குக்கே வருவோம். 300 ரூபாய் டிக்கெட், அரங்கு நிறைந்தால் 90,000. பாடகர், வயலின், மிருதங்கம், மைக் செட், மின்கட்டணம், கடனுக்கு வட்டி, இதில் ஒன்றுகூட அவர் தாளில் இல்லை. சீசனிலேயே மதியக் கச்சேரிகளைப் பல சபாக்கள் இலவசமாக நடத்துகின்றன. அப்படியும் பாடுகிறவரின் சித்தி, மாமாதான் முன்வரிசையில். சபாக்களைத் தாங்குவது டிக்கெட் மட்டுமா? ஸ்பான்சர், உறுப்பினர் சந்தா, அரங்க வாடகை எல்லாம் சேர்ந்துதான் ஓடுகிறது. (கேன்டீனில் அடை அவியலுக்கு நிற்பவர்களையும் ரசிகர் கணக்கில் சேர்த்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.)

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை மாலை. அந்த அரங்கை யார் எடுப்பார்கள்? அந்த வட்டாரத்தில் நாட்டியப் பள்ளிகள் எத்தனை, வருஷத்துக்கு எத்தனை அரங்கேற்றம், இப்போது எந்த மண்டபத்தில், என்ன வாடகைக்கு? இதை விசாரித்துவிட்டு வரட்டும், பேசுவோம். வரும்போது கார் நிறுத்தும் இடத்தையும் வரைபடத்தில் காட்டட்டும்.